அஷ்டமியில் நிறையும் தண்ணீர்

எங்கள் வீட்டில் அஷ்டமி நல்ல நாள். நவமியும் பரவாயில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒரு படி கீழேதான் வைத்திருக்கிறோம். நாள் பார்த்துப் பெண் பார்க்கக் கிளம்பும் உறவினர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் இதில் ஜோசியம் எதுவும் இல்லை. விஷயம் தண்ணீர். வாஷியில் அஷ்டமியன்று சூரியன் மறையும் நேரத்துக்குக் காடி நிறைந்து நிற்கும். அமாவாசையன்று அதே நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான்.

காடி என்பது மராட்டிச் சொல். நம் பக்கத்து உப்பங்கழி. மும்பையையும் பெருநிலத்தையும் பிரித்தபடி வடக்கே தானே வரை போகும் இந்தக் காடியின் கிழக்குக் கரையில் இருக்கிறது வாஷி. மேற்குக் கரையில் மான்குர்த். இரண்டையும் 1973இல் ஒரு சாலைப் பாலம் இணைத்தது. 1992 மே மாதம் மின்சார ரயில் வந்தது. ரயில் வந்த பிறகுதான் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் தைரியமாக இந்தப் பக்கம் குடிவந்தோம். நான் வந்தது 1994இல். என் அப்பாவை அழைத்து வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. இழுத்து வந்தேன் என்பதே சரி.

அப்பா 1951இல், 16 வயதில், தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் இடத்தில் வேலை. 1963இல் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை வாங்கினார். நான் அதில்தான் வளர்ந்தேன். அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. எங்கள் சந்தில் வெயில் விழுவது பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் அரை மணி நேரம், ஒரு முழ அகலத்துக்கு. (இந்தியாவின் கடிகார நேரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மும்பை அதற்கு வெகு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வர 12:40 ஆகிவிடும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஜூன் மாதத்தில் மாலை ஏழேகாலுக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவது இதனால்தான்.) அம்மா அந்த முழ அகலத்தில் வடகம் காயப்போடுவாள். அப்பா இருட்டு விலகுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புவார். மாஹிம் கழி கூப்பிடு தூரத்தில் இருந்தது. சூரியன் எங்கே உதித்தது, எங்கே மறைந்தது என்று எங்களில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

அம்மா 1991இல் போய்விட்டாள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் எங்கள் சந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலு வயது மகள் அதன் பிறகு பல மாதங்கள் இரவில் அலறிக்கொண்டு எழுந்தாள். வாஷியில் சிட்கோ கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றில் ஒரு அறையும் சமையலறையும் விலைக்கு வந்தது. அலுவலகக் கடன் போதவில்லை. தாராவி அறைக்கு ஆள் பார்த்து, முன்பணமும் வாங்கிய பிறகு, பத்திரத்தை அப்பா முன் வைத்தேன்.

"போடுங்கப்பா" என்றேன்.

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியால?" என்றார். பிறகு எழுத்து எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

வாஷிக்கு வந்த பிறகு என்னிடம் பேச்சு இல்லை. மருமகளிடம் பேசுவார், பேத்தியிடம் விளையாடுவார், என்னைக் கண்டால் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வார். அகலமான சாலை, வரிசையாக மரம், ஆள் நடமாட்டம் குறைவு. "சுடுகாட்டுல கூட நாலு பேரு இருப்பான்" என்று மருமகளிடம் சொன்னாராம். தினமும் காலை சாப்பிட்டுவிட்டு ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, தாராவிக்கே போய்விடுவார். பழைய டீக்கடை பெஞ்சில் பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புவார். மாதச் சீசன் டிக்கெட்டுக்கு என்னிடம் பணம் கேட்கவில்லை. அவருடைய சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். அது எனக்குக் கொடுத்த தண்டனை என்று புரிந்தது.

அந்த வழியில் ரயில் காடியைக் கடக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். மான்குர்த் வரை குடிசைகளும் குப்பை மேடும் சுவரும்தான். சட்டென்று இரு பக்கமும் சுவர் விலகி வெறும் வானம். பெட்டிக்குள் காற்று அடிக்கும். சீட்டாடுகிறவர்கள் அட்டையை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். கிழவிகள் கைகூப்பி நாணயத்தை எறிவார்கள். கம்பியில் பட்டு அது திரும்பி யாராவது தலையில் விழுவதும் உண்டு. நான் அலுவலகத்துக்குப் போகும்போது ஜனவரி மாதத்தில் ஏழேகாலுக்கு மேல்தான் கிழக்கே பார்சிக் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும். தெற்குப் பக்கக் கதவில் நின்றால் முழுதாகக் கிடைக்கும். கோடையில் மாலை ரயிலில் வடக்குப் பக்கக் கதவு. வங்கக் கடலோரத்தில் உதயம் மட்டும் தண்ணீர் மேல், மும்பைக் கடற்கரையில் மறைவு மட்டும். காடியின் நடுவில் இரண்டும். இந்தக் கணக்கெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று கதவருகே இடம் பிடித்தது காற்றுக்காகத்தான்.

ஐந்தாறு மாதம் கழித்து அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது மனைவி சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்படியானால் தினமும் எங்கே போகிறார்? டிக்கெட் இல்லாமல் போகிற ஆள் இல்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, அவர் பின்னாலேயே போனேன்.

சாகர் விஹார் பக்கம், கரையில் போட்டிருந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டு ஒரு கோலி மீனவர். இருவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே தண்ணீர் கரை வரை நிறைந்து அசையாமல் நின்றது. அதற்கப்பால் டிராம்பே குன்று கறுத்துக்கொண்டிருந்தது. சூரியன் இறங்க இறங்க, அங்கிருந்து அப்பாவின் காலடி வரை தண்ணீரில் ஒரு செம்புப் பாதை நீண்டது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். மீனவரும் ஊசியை மடியில் வைத்துவிட்டார். சூரியன் முழுக்க மறைந்த பிறகும் ஐந்து நிமிடம் அப்படியே இருந்தார்கள்.

திரும்பியபோது என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க ஊர்க் குளத்துல இப்படித்தாம்ல விழும்" என்றார். "மலைக்குப் பின்னால போறதுக்கு முன்ன, மறுகால் பக்கமா. எரும மேய்ச்சிட்டு நின்னு பாப்பேன். நாப்பது வருசம் ஆச்சு."

எட்டு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. தாராவிக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். ரயிலில் திரும்பும்போது பாலத்தில் பார்த்தாராம். இரண்டு நிமிடம் போதவில்லையாம். "அங்க போயி டீயக் குடிச்சிட்டு, இதப் பாக்கத்தானே திரும்பி வாரேன். இங்கயே இருந்துட்டாப் போச்சு." அறை விற்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த மீனவரிடம்தான் அப்பா கணக்கைப் படித்தார். கோலிகள் தண்ணீரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் திதியை வைத்தே சொல்வார்கள். பர்த்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் இறக்கம். மும்பைக் கடலில் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் தண்ணீர் உச்சத்துக்கு ஏறுவது நடுப்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி. அதனால் காலை, மாலை ஆறு மணி வாக்கில் இறங்கிக் கிடக்கும். சந்திரன் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக வருவதால் ஏற்றமும் அவ்வளவு தள்ளிப் போகும். ஒரு வாரம் தள்ளினால் ஆறு மணி நேரம். ஆக, சப்தமி, அஷ்டமி, நவமியில் சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் காடி நிறைந்திருக்கும். ஏற்றம் என்று பார்த்தால் அஷ்டமியில் வலு குறைவுதான். அமாவாசை, பௌர்ணமி ஏற்றம்தான் பெரியது. ஆனால் அது உச்சி வெயிலிலும் நடுராத்திரியிலும் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் வந்துவிட்டுப் போய்விடும்.

அப்பா மாட்டுங்கா கடைவீதியிலிருந்து திதி போட்ட மாத காலண்டர் வாங்கிவந்து சமையலறையில் மாட்டினார். பென்சிலால் சில நாட்களில் 'நி' என்று எழுதுவார். நிறை. சில நாட்களில் 'சே'. சேறு. மருமகள் நல்ல காரியத்துக்கு அஷ்டமியைத் தள்ளினால் கதை சொல்வார். அஷ்டமியும் நவமியும் எங்களை ஜனங்கள் மதிப்பதில்லை என்று பெருமாளிடம் அழுதனவாம், அவர் ஒன்றில் கிருஷ்ணனாகவும் ஒன்றில் ராமனாகவும் பிறந்தாராம். "சாமியே பொறந்திருக்காரு, நீ காஸ் சிலிண்டர் பதியறதுக்கு நாள் பாக்கியே."

சேற்று நாட்களுக்கும் பிறகு ஒரு குறி வந்தது: 'ப'. பறவை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இந்தக் காடிக்குப் பூநாரைகள் கூட்டமாக வரத் தொடங்கின. மழைக்காலம் முடிந்து வந்து, அடுத்த மழைக்கு முன் கிளம்பிவிடும். தண்ணீர் வடிந்த சேற்றில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அந்தச் சேற்றிலும் நீரிலும் இருக்கும் பாசியின் நிறச்சத்துதான் அவற்றின் சிவப்பு. ஆக, பௌர்ணமி மாலையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் தூரத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். அதற்கப்பால் சூரியன் இறங்கும். முதுகுப் பக்கம் பார்சிக் குன்றின் மேல் சந்திரன் ஏறும். 2001இல் ஊருக்குப் போனபோது கன்னியாகுமரிக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். முந்தைய ஆண்டு திறந்த வள்ளுவர் சிலையைப் பார்க்க நல்ல கூட்டம். மாலையில் மேகம் மூடி, சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே "நம்ம காடி தேவல" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

காடியை நான் மிகைப்படுத்தக் கூடாது. அது நாறும். தானே - பேலாப்பூர் சாலைத் தொழிற்சாலைகளின் கழிவையும் இரண்டு நகரங்களின் சாக்கடையையும் பல காலம் சுமந்த தண்ணீர். பூஜை செய்த பூவை பிளாஸ்டிக் பையில் கட்டிப் பாலத்திலிருந்து எறிகிற பக்தி வேறு. சாலைப் பாலத்தின் ஓரத்தில் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். பூவுக்காக மட்டும் போட்ட வலை அல்ல அது என்பது வாஷியில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரை வேறு மனதோடு பார்த்திருக்கிறார்கள்.

"சேத்துத் தண்ணி ஏன் தாத்தா தங்கமா இருக்கு?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள். தாத்தா என்னைக் கைகாட்டினார். சூரியன் தாழ இருக்கும்போது அதன் ஒளி நிறைய காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது, வழியில் நீலம் சிதறிப்போய் சிவப்பு மிஞ்சுகிறது, கலங்கல் தண்ணீர் அதைக் கண்ணாடி போலக் காட்டுகிறது என்று பள்ளிக்கூட ஞாபகத்தில் சொன்னேன். ஆழ்கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று நம் சி.வி.ராமன் கண்டு எழுதிய குறிப்பு 1921 செப்டம்பரில் இதே மும்பைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த நர்குண்டா கப்பலிலிருந்துதான் 'நேச்சர்' பத்திரிகைக்குப் போனது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். "பாத்தியா, அவரும் சும்மா உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு" என்றார் அப்பா. நான் விடுமுறை நாட்களிலும் கணக்குப் புத்தகத்தோடு இருப்பதை அவர் குத்திக்காட்டுகிற விதம் அது.

2005 ஜூலை 26 செவ்வாய்க்கிழமை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். பிற்பகல் மூன்று மணி வாக்கில் கடல் ஏறி நின்றதால் நகரத்துத் தண்ணீர் வடிய வழியில்லை. ரயில்கள் நின்றன. தொலைபேசி இல்லை. நான் கோட்டைப் பகுதி அலுவலகத்திலிருந்து நடக்கத் தொடங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, இரவு செம்பூரில் ஒரு கடைத் திண்ணையில் தங்கி, விடிந்ததும் மறுபடி நடந்தேன். மான்குர்த் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது காலை எட்டு மணி இருக்கும். பாலம் நிறைய என்னைப் போலச் செருப்பைக் கையில் பிடித்தவர்கள். சூரியன் இருந்த தடமே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே ஈயநிறம்.

பாலம் இறங்குகிற இடத்தில் குடையோடு அப்பா நின்றிருந்தார். எழுபது வயது. வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், விடியுமுன். சட்டை முழுதும் நனைந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி எறங்குதுல" என்றார். "மூணு மணிக்கு ஏறுச்சு. ஒம்பதுக்கு நல்லா வத்திரும். இனி பயமில்ல."

ராத்திரி முழுதும் தூங்காமல் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார் என்று மனைவி பிறகு சொன்னாள்.

அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். கடைசியில் கண் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கரைக்கு வருவதை விடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார். முகத்தில் சூடு குறைவதை வைத்தே "போயிட்டாரு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 2009இல், மருத்துவமனையில், போவதற்கு இரண்டு நாள் முன்பு கேட்டார்: "நம்ம ரூம்ல இப்ப யாருல இருக்கா?"

பதினைந்து வருடத்தில் நான் ஒரு முறைதான் அந்தப் பக்கம் போயிருந்தேன். மேலே தகரத்தில் ஒரு மாடி எழுப்பி, பை தைக்கிற மெஷின்கள் போட்டிருந்தார்கள். பின் சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் உடைத்திருந்தார்கள். அதைச் சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்றார். மேற்கே என்றேன். "நமக்குத் தோணலியே" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பது என் வழக்கமாகிவிட்டது.

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கரை மாறிவிட்டது. கல் இருந்த இடத்தில் நடைபாதையும் பெஞ்சும் வந்திருக்கின்றன. காடியின் ஒரு பகுதியை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சாலைப் பாலம் 1997இல் இரண்டானது. 2024இல் மூன்றாவது பாலத்திலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. ரயில் பாலத்தையும் சேர்த்தால் சூரியனுக்குக் குறுக்கே நாலு கோடுகள். மகள் புனேயில் இருக்கிறாள். இங்கே தனியாக எதற்கு, வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறாள். விலையும் விசாரித்து வைத்திருக்கிறாள். ஆனால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் விசாரித்தாள்.

காலண்டரில் இப்போது பென்சில் குறி போடுவது மனைவி. போன மாதம் ஒரு வளர்பிறை அஷ்டமி. ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, மாங்குரோவ் செடிகளின் பாதி வரை வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் பெரிய கேமராவோடு ஒரு பையன் அடிக்கடி கைபேசியைப் பார்த்தபடி பொறுமையிழந்துகொண்டிருந்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அங்கிள், பானி கப் பரேகா?" என்றான்.

இன்னும் கால் மணி நேரத்தில் நிறையும், மூட்டை கட்டாதே என்றேன்.